புல் இல்லாத தட்டு

கொல்லங்கோட்டில் என் மகள் வீட்டுக்கு எதிரே புதிதாக ஒரு வீடு எழும்புகிறது. சுவர் தலைமட்டம் வந்ததும், கண் படாமல் இருக்க ஏதாவது கட்டித் தொங்கவிடுவார்கள் அல்லவா, அதுபோல் இங்கேயும் ஒன்றைத் தொங்கவிட்டார்கள். வைக்கோல் பொம்மையும் இல்லை, பூசணிக்காயும் இல்லை. ரப்பர் டைனோசர். பச்சை முதுகும் மஞ்சள் வயிறுமாக, கழுத்தில் சணல் கயிற்றோடு, வாயைப் பிளந்துகொண்டு ஆடுகிறது.

கொத்தனாரிடம் கேட்டேன். "நல்ல பொம்மை கெடைக்கலீங்கம்மா. சந்தையில இதுதான் இருந்துச்சு. பாத்தா இன்னும் பயமா இருக்குமுங்க" என்றார்.

பயம் ஒன்றும் வரவில்லை. பாலக்காட்டு வெயில்தான் தெரியுமே. அந்த வெயிலில் ரப்பர் சூடேறி வாசனை வந்தது. மண்ணெண்ணெயும் புதுச் செருப்பும் கலந்த மாதிரி ஒரு வாடை. மூக்கில் ஏறியதும் கால் நகரவில்லை. மருமகன் டிராக்டரை நிறுத்திவிட்டு வந்து, "ஏனுங்க அத்தை, அதையே பாத்துட்டு நிக்கறீங்க, வெயிலுங்க" என்றார். அவருக்கு எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது? உங்களுக்கென்றால் சொல்லலாம். நிதானமாகச் சொல்கிறேன். எனக்குப் பேச்சு வரும் வேகத்துக்கு எழுத்து வராது.

மூணாறில் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளி ஓய்ந்த பிறகு, மாட்டுப்பட்டி அணைக்குப் போகிற ரோட்டோரத்தில் நான் சோளக்கடை வைத்திருந்தேன். நான்கு கம்பு, மேலே நீலப் படுதா, கீழே கரி அடுப்பு. என் சோளத்தைக் குறை சொன்ன ஆள் அந்த ரோட்டில் கிடையாது, அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். சோளத்தோடு கொஞ்சம் பொம்மையும் தொங்கவிட்டிருப்பேன். கோயம்புத்தூரிலிருந்து மொத்தமாக வரும் பைகளில் சிங்கம், யானை, டைனோசர் எல்லாம் கலந்து இருக்கும். சிங்கமும் யானையும் விற்றுவிடும். டைனோசர்தான் தேங்கும். பையைப் பிரித்தால் இந்த வாசனைதான்.

மழைக்காலத்தில் அந்த ரோடு செத்த மாதிரி கிடக்கும். சுற்றுலா வண்டி ஒன்றும் ஏறாது. மஞ்சு இறங்கி, எதிர்க் கடை தெரியாது. ஆனாலும் நாங்கள் கடைக்கு வந்துவிடுவோம். வீட்டில் இருந்தால் என்ன செய்ய? சுடலை அண்ணன் சாயாக்கடைப் படுதாவுக்குள் எல்லாரும் ஒண்டிக்கொள்வோம். கேரட் கடைக்காரி பேச்சியம்மாள், வருகிறவர்களைப் படம் பிடித்து உடனே கையில் கொடுக்கும் சண்முகம், ஜீப் ஓட்டும் வேல்மயில், நான்.

அப்படி ஒரு மழை நாளில் பேச்சி சும்மா இருக்க முடியாமல், மீன் வந்த தெர்மோகோல் பெட்டியின் மூடியைக் கவிழ்த்து, அதில் கொஞ்சம் மண் போட்டு, என் கடையில் விற்காமல் கிடந்த நீளக் கழுத்து டைனோசர் ஒன்றை நிறுத்தி, பக்கத்தில் ஒரு சுள்ளியை ஊன்றினாள். நான் பார்த்துவிட்டு, "என்ன பேச்சி, என் சரக்க எடுத்து மீன் நாத்தத்துல நிக்க வச்சிருக்க?" என்றேன்.

"ஒங்க ஓணானுக்கு எடம் குடுத்திருக்கேன். வாடகையா கேட்டேன்?" என்றாள்.

அவள் ஊன்றியது கவாத்து வெட்டின தேயிலைச் சுள்ளி. நீங்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. விரல் நீளம்தான் இருக்கும், ஆனால் முண்டும் முடிச்சுமாக, வெள்ளைப் படலம் பூத்து, ஆயிரம் வருஷத்து மரம் மாதிரி இருக்கும். அத்தனை வருஷம் அந்தச் செடியோடு கிடந்தும் அது மரமாக என் கண்ணில் பட்டது அன்றைக்குத்தான். சண்முகம் போனைத் தரையோடு தரையாக வைத்து ஒரு படம் எடுத்தான். படத்தைக் காட்டினான். மஞ்சுக்குள் பெரிய காட்டில் பெரிய மிருகம் ஒன்று நின்று எங்களைப் பார்த்தது. சுடலை அண்ணன் சாயா ஆற்றுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

அதோடு பிடித்துக்கொண்டது. அடுத்த மழைக்கு ஆளுக்கொரு மூடி. தட்டு வைப்பது என்று அதற்குப் பெயர் வந்தது. கல்லுக் கட்டிலிருந்து பாசி பெயர்த்து வருவோம். சுடலை அண்ணன் வடிகட்டிப் போடும் சக்கை நல்ல கருமண் ஆகும். ஊதுவத்தியைக் குத்தி எரிமலைப் புகை போடுவான் சண்முகம். நாங்கள் அதுகளுக்கு எங்கள் பெயர்தான் வைத்துக்கொண்டோம். கழுத்துக்காரி, மூணு கொம்பன், தட்டு முதுகன், பல்லன். ஓணத்துக்குக் கூட்டம் வரத் தொடங்குவதற்கு முந்தின நாள், தட்டுப் பார்க்கிற நாள். எல்லாத் தட்டையும் பெஞ்சில் வரிசையாக வைத்து, ஒருவர் தட்டை மற்றவர் பார்த்து, எது முதல் என்று முடிவு செய்வோம். முதல் தட்டு சாயாக்கடை முகப்பில் ஓணம் முடியும்வரை இருக்கும். மற்றதைக் கலைத்து, பொம்மைகளைக் கழுவித் துடைத்து, என் பைக்குள் திரும்பப் போட வேண்டும். விற்கிற சரக்கு அல்லவா.

சட்டம் எல்லாம் சண்முகம் வைத்தது. மனுஷப் பொம்மை கூடாது. வீடு, வேலி கூடாது. புல்லும் கூடாது என்றான். போனில் எங்கேயோ படித்திருக்கிறான், அந்தக் காலத்தில் புல்லே கிடையாதாம்.

"அப்ப மாடு எங்கடா மேஞ்சது?" என்றாள் பேச்சி.

"மாடும் கெடையாதுக்கா."

"பொறவு சாயாவுக்குப் பாலு?"

"கட்டன் சாயாதான் குடிச்சிருக்கும்" என்றார் சுடலை அண்ணன்.

சிரித்தோமே ஒழிய, சட்டத்தில் அவன் விட்டுக்கொடுக்க மாட்டான். ஒரு வருஷம் பேச்சி தட்டில் மண்ணோடு வந்த வேர் ஒன்று, பார்க்கிற நாளன்று பார்த்து ஒற்றைப் புல்லாக முளைத்து நின்றது. தட்டையே போட்டியிலிருந்து தள்ளிவிட்டான். "தானா முளைச்சதுக்கு நான் என்ன செய்ய? பிராந்தனா நீ?" என்று அவள் அந்த ஓணம் முழுக்க அவனுக்குக் கேரட் கொடுக்கவில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. அது சுடலை அண்ணனால் வந்தது. முதல் வருஷம் நாங்கள் எல்லாரும் பேச்சியின் தட்டை வாய் ஓயாமல் புகழ்ந்தோம். அன்றைக்கே காற்று வந்து படுதாவைக் கிழித்து, தட்டைத் தூக்கி ரோட்டில் அடித்தது. "அம்புட்டுப் பேரும் கண்ணு வச்சிட்டீங்க. இனிமே ஒரு கொறையச் சொல்லாம எவனும் தட்டத் தொடப்படாது" என்றார் அண்ணன். அன்று முதல் அதுதான் முறை. முதலில் குறை. அது பொய்க் குறையாக இருக்கக்கூடாது. பொய் சொன்னவர் எல்லாருடைய பொம்மையையும் கழுவ வேண்டும். தட்டு வைத்தவர் குறையைக் கேட்டுவிட்டு, "எடுத்துக்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் தட்டில் கை வைக்கலாம், நல்லது பேசலாம்.

இதில் அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்வது வேல்மயில். அவன் தட்டில் எப்போதும் பல்லன்கள் சண்டை போடும். குங்குமத்தைக் கரைத்து அங்கங்கே ஊற்றியிருப்பான். "ரத்தம் ஜாஸ்தி" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வோம். "எடுத்துக்கிட்டேன், எடுத்துக்கிட்டேன், அடுத்த வருசம் இன்னும் ஊத்துவேன்" என்பான். ஓயாமல் பேசுகிறவன். அவன் ஜீப்பில் ஏறினால் இறங்கும்வரை கியர் பெட்டியைப் பற்றியாவது கேட்டுத்தான் ஆக வேண்டும். அவன் பெண்டாட்டி செண்பகம் அதற்கு நேர் எதிர். மேல் மலையில் கொழுந்து கிள்ளினாள். சாயங்காலம் ஜீப்புக்காகக் காத்து நிற்கும்போது ஒரு சோளம் வாங்கி, அதை ஒவ்வொரு மணியாகப் பிய்த்துத் தின்பாள். நாங்கள் சண்டை போடுவதைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

ஒரு மழையில் மேல் மலை சரிந்தது. எஸ்டேட் ஆட்கள் குடியிருந்த லயத்தின் கடைசி வீடுகள் மண்ணோடு போயின. வேல்மயில் சவாரிக்குக் கீழே வந்தவன், மழைக்கு மூணாறிலேயே தங்கிவிட்டான். செண்பகம் வீட்டில் இருந்தாள். அவளை எடுத்தார்கள், அடக்கமும் முடிந்தது. அதற்குப் பிறகு அவன் அந்த மலைக்கு ஏறவே இல்லை. அங்கே சவாரி என்றால் வேறு ஜீப்பைக் காட்டிவிடுவான்.

அந்த வருஷம் யாரும் தட்டு வைக்கவில்லை.

அவன் திரும்பி வேலைக்கு வந்தபோது நாங்கள் நல்லது செய்கிறோம் என்று நினைத்து ஒரு காரியம் செய்தோம். சுடலை அண்ணன் அவனிடம் சாயாவுக்குக் காசு வாங்கவில்லை. ஜீப் ஸ்டாண்டில் அவனுக்கு முறை மீறி முதல் சவாரி கொடுத்தார்கள். நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது அவன் படுதாவைத் தூக்கி உள்ளே வந்தால், சிரிப்பு அப்படியே நின்றுவிடும். பேச்சி, அந்த வாயாடி, அவனைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு கேரட்டைக் கழுவுவாள். பேச்சுக்கு ஆள் இல்லாமல் அவனும் பேச்சை விட்டுவிட்டான். சாயாவை வாங்கிக்கொண்டு ஜீப்பில் போய் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குடிப்பான்.

மறு மழை வந்தது. ஒருநாள் என் கடைக்கு முன்னால் வந்து நின்றான். "எக்கா, கழுத்துக்காரி ரெண்டு குடுங்க" என்றான்.

பல்லன் வேண்டாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. இருந்ததில் நல்லதாக இரண்டு எடுத்துக் கொடுத்தேன். படுதாவுக்குள் போய்ச் சொன்னேன், வேல்மயில் தட்டு வைக்கிறான் என்று. அப்போதுதான் எல்லாரும் மூடி தேட ஆரம்பித்தார்கள்.

பார்க்கிற நாள் வந்தது. அவன் தட்டு பெஞ்சின் கடைசியில் இருந்தது. மற்றவர்கள் தட்டுக்கெல்லாம் குறை சொல்லி முடித்து, எடுத்துக்கொண்டு முடித்து, அங்கே வந்தோம். அதில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை செம்மண் சரிந்து கிடந்தது. அங்கங்கே கல். தேயிலைச் சுள்ளி ஒன்று வேர் மேலாகக் கவிழ்ந்து கிடந்தது. பாசி இல்லை, புகை இல்லை. ஓரத்தில் ஒரே ஒரு கழுத்துக்காரி, சரிவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தட்டுக்கு வெளியே பார்த்து நின்றது. நான் கொடுத்தது இரண்டு. இன்னொன்று எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது.



"நல்லாருக்குப்பா" என்றார் சுடலை அண்ணன்.

"ஆமா தம்பி, நல்லாருக்கு" என்றாள் பேச்சி.

"ஒரு கொறையும் இல்லண்ணே. இதுதான் ஃபர்ஸ்ட்" என்று சொல்லி, சண்முகம் தட்டைத் தூக்கக் கையை நீட்டினான்.

"கைய எடுலே" என்றான் வேல்மயில்.

சண்முகம் எடுத்துவிட்டான்.

"கொறை சொல்லாமத் தொடப்படாதுல்லா? யாரு போட்ட சட்டம் அது?" அண்ணனைப் பார்த்துக் கேட்டான். அண்ணன் அடுப்பைப் பார்த்தார். "ரத்தம் ஜாஸ்தின்னு அம்புட்டுப் பேரும் ஊளையிடுவீங்களே, இப்ப வாய்ல கொழுக்கட்டையா? நான் தட்டு வச்சிருக்கேன். எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்காதீங்க. சாயாவும் ஓசி, முதலிடமும் ஓசியா? அதுக்கு நான் வரல."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தட்டை அவனே எடுத்துக்கொண்டு போக இரண்டு கையையும் அடியில் கொடுத்தான். அவன் அதை எடுத்துக்கொண்டு வெளியே போனால் இனி இந்தப் படுதாவுக்குள் வரமாட்டான் என்று எனக்குப் பட்டது. ஜீப்புக் கண்ணாடி ஏறினது ஏறினதுதான்.

"வையி அதை. நான் இன்னும் பாத்து முடிக்கல" என்றேன்.

வைத்தான்.

குனிந்து பார்த்தேன். பொய்க் குறை சொன்னால் கண்டுபிடித்துவிடுவான், அதுவும் பிச்சை போட்ட மாதிரிதான் ஆகும். உண்மையாகவே என்ன குறை இருக்கிறது என்று தேடினேன். தேயிலைக்காட்டில் மண் சரிவது எனக்குப் புதிதல்ல. சரிந்த வருஷம் பார்த்திருக்கிறேன், சரிந்த மறு வருஷமும் அதே வழியாகக் கூடையோடு போயிருக்கிறேன். அந்த நினைவு வந்ததும் குறை கண்ணில் பட்டுவிட்டது. சொல்லலாமா என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"புல்லு இல்ல" என்றேன்.

பேச்சி என் கையைக் கிள்ளினாள். சண்முகம் பதறிப்போய், "எக்கா, புல்லு கூடாதுல்லா? அது ரூலு" என்றான்.

"ஒன் டைனோசருக்குக் கூடாது. நான் இந்த மண்ணச் சொல்லுதேன். இது சரிஞ்சு ஒரு வருசம் ஆச்சு. மறு மழையும் பெஞ்சாச்சு. இன்னும் இப்படிச் செவசெவன்னு கெடக்குமா? புல்லு வந்து மூடியிருக்கும். இவன் போடல. அதான் கொறை."

வேல்மயில் என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தான். அதை முதல்முதலாகப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"மூடியிருக்குமாக்கா?" என்றான்.

"மூடியிருக்கும்."

"நான் போகலியே. போய்ப் பாக்கல." விரலால் அந்தச் செம்மண்ணை லேசாகத் தொட்டான். "எனக்கு அது அப்படியேதான் கெடக்கு."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அண்ணன் இறக்கவில்லை. பிறகு வேல்மயில் சொன்னான்: "எடுத்துக்கிட்டேன்."

பேச்சிதான் முதலில் தேறினாள். "அந்தக் கழுத்துக்காரி கழுத்தும் கோணல்" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"அது சோளத்தக்கா கடைச் சரக்கு. அங்க போயி நாயம் கேளுங்க" என்றான் அவன்.

என் சரக்கைக் கோணல் என்றால் நான் சும்மா இருப்பேனா? அவளுக்கு நான் சொன்ன பதில் இங்கே எழுதக்கூடியதில்லை. சுடலை அண்ணன் வழிந்த பாலைப் பார்த்து எங்கள் எல்லாரையும் திட்டினார். முதலிடம் அந்த வருஷம் பேச்சியின் தட்டுக்குப் போனது. அதில் ஓடை ஒன்று வைத்திருந்தாள், உண்மையாகவே தண்ணீர் ஓடியது. வேல்மயிலும் அவளுக்குத்தான் கை தூக்கினான். ஆனால் முதலில், "ஓடை மேட்டப் பாத்து ஓடுது" என்று குறை சொன்னான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துக்கொண்டாள்.

தட்டுக் கலைக்கும்போது அவன் சாயாக்கரண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு, ஓரமாகக் குத்தவைத்து, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினான். உள்ளே இருந்த இன்னொரு கழுத்துக்காரியை எடுத்தான். நான் கழுவுகிறேன் என்றதற்குக் கொடுக்கவில்லை. படுதா விளிம்பில் ஒழுகும் மழைத் தண்ணீரில் இரண்டையும் காட்டி, விரல் இடுக்கில் இருந்த மண் போகும்வரை தேய்த்து, தன் தலைத்துண்டால் துடைத்து என் கையில் தந்தான். பையில் போட்டேன். ஓணக் கூட்டத்தில் இரண்டும் விற்றுப்போயின. யார் வாங்கினார்கள் என்று நினைவில்லை.

தட்டுப் பார்த்த மறுநாள் காலையில் ஜீப் என் கடை முன்னால் வந்து நின்றது. "ஏறுங்க" என்றான். எங்கே என்று நான் கேட்கவில்லை. அடுப்பைப் பேச்சியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஏறினேன். வழி முழுக்க அவன் பேசவில்லை, நானும் பேசவில்லை. ரோடு முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினான். கொஞ்ச தூரம் நடந்தோம்.

புல் இடுப்பளவு நின்றது. நான் நினைத்ததைவிட அதிகம். மேலே சரிவு தொடங்கிய இடத்தில் மட்டும் ஒரு கீற்று சிவப்பாகத் தெரிந்தது, மற்றதெல்லாம் பச்சை. நடுநடுவே வெள்ளையாகப் பொடிப்பூ. யாருடைய ஆடோ ஒன்று அதில் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. வேல்மயில் அதைத் துரத்துவான் என்று நினைத்தேன். துரத்தவில்லை. கொஞ்ச நேரம் நின்றான், பிறகு உட்கார்ந்தான். உட்கார்ந்தபோது புல் அவன் தலையை மறைத்தது. நான் பக்கத்தில் போகவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஜீப்பில் சாய்ந்து நின்றேன்.

எழுந்து வந்தபோது கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. "முளைச்சிட்டுக்கா. நெறையத்தான் முளைச்சிட்டு" என்றான். இறங்கும்போது முதல் வளைவில், கிளட்ச் தட்டு தேய்ந்துபோனதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். மாட்டுப்பட்டி வரும்வரை நிறுத்தவில்லை. அன்றைக்குச் சுடலை அண்ணன் அவனிடம் சாயாவுக்குக் காசு வாங்கினார்.

அதெல்லாம் இப்போது இல்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது எங்கள் கம்பும் படுதாவும் போயின. சுடலை அண்ணன் மகனோடு சங்கரன்கோவில் பக்கம் போனார், அங்கேயே காலமானார். ஆளாளுக்குக் கையில் போன் வந்ததும் சண்முகத்திடம் யாரும் படம் எடுத்துக்கொள்ளவில்லை, அவன் எங்கே போனானோ. பேச்சி போன தடவை போனில் பேசியபோது காது கேட்கவில்லை, நான் சொன்னதற்கெல்லாம் சரி சரி என்றாள். வேல்மயில் தேனிப் பக்கம் லாரி ஓட்டுகிறான் என்று கேள்வி. இப்போது வரும் டைனோசர் வயிற்றை அமுக்கினால் கத்துகிறதாம்.

நான் இங்கே மகளோடு இருக்கிறேன். நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். சொல்ல மறந்துவிட்டேன், நடுவில் நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அதற்கு முன்னால் என் புளிக்குழம்பை மருமகன் ஒரு நாளும் சும்மா விட்டதில்லை. "புளி தூக்கலுங்க அத்தை, உங்க மலைக்காரங்க நாக்குக்குத்தான் இது ஆகும்" என்பார். நான் அவர்கள் ஊர்ப் பருப்புக் குழம்பைக் குறை சொல்லுவேன். மகள் நடுவில் நின்று சிரிப்பாள். திரும்பி வந்த பிறகு அப்படி ஒரு பேச்சு எழவில்லை.

நேற்று நான்தான் சமைத்தேன். வேண்டாம் என்றார்கள், கேட்கவில்லை. மருமகன் இரண்டாம் தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்குதுங்க அத்தை" என்றார். மகளும், "ஆமாம்மா, ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியாக நான் உட்கார்ந்தேன். பிசைந்து ஒரு வாய் வைத்தேன்.

உப்பே போட மறந்திருக்கிறேன்.